எட்டும் தூரமே எல்லை: டெக்சஸில் கைத்துப்பாக்கியோடு காட்டுப்பன்றி வேட்டை

கைத்துப்பாக்கியோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக நினைப்பவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, எந்தத் தோட்டா பன்றியைச் சாய்க்கும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது சுலபம். ஆனால் அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு தூரத்தில் நிற்கும் பன்றியின் நெஞ்சில், தப்பாமல் என்னால் குண்டைச் செலுத்த முடியும்? திறந்த குறிகளை மட்டும் கொண்ட ரிவால்வரோ பிஸ்டலோ வைத்திருக்கும் சாதாரண வேட்டைக்காரருக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 25 மீட்டர். பயிற்சி குறைந்தவருக்கு அதைவிடக் குறைவு. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது, தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது, காற்றைப் பார்ப்பது, பரணை எங்கே போடுவது, எப்போது சுடாமல் இருப்பது ஆகிய அனைத்தையும் இந்தத் தூரத்திலிருந்து தொடங்கித்தான் முடிவு செய்ய வேண்டும். ரைஃபிள் வேட்டையில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய துப்பாக்கியை வாங்கிவிட்டு, அது எட்டும் தூரமே தங்களுக்கும் எட்டும் என்று நம்பிக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாவதற்குப் பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான் காரணம்.

களத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்றி அமெரிக்க மண்ணுக்கு உரிய விலங்கு அல்ல. 1539-இல் ஃபுளோரிடாவில் வந்திறங்கிய எர்னாண்டோ டி சோட்டோவின் ஸ்பானியப் படை உணவுக்காகப் பன்றிகளை ஓட்டி வந்தது. பின்னால் வந்த குடியேறிகளின் வளர்ப்புப் பன்றிகளும் தப்பிக் காட்டில் பெருகின. இருபதாம் நூற்றாண்டில் வேட்டைக்காகவே கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் இரத்தமும் இவற்றோடு கலந்தது. டெக்சஸில் மட்டும் இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சோளம், நிலக்கடலை, நெல், புல்வெளி என்று எதையும் அவை விட்டுவைப்பதில்லை. அதனால் அந்த மாநிலம் காட்டுப்பன்றியை மானைப் போல ஒரு வேட்டை விலங்காகக் கருதுவதில்லை. அதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு பன்றி சுட வேட்டை உரிமமும் தேவையில்லை. பொது நிலங்களில் உரிமம் வேண்டும். அந்தந்த இடத்துக்கென்று தனி விதிகளும் உண்டு.

இந்தச் சலுகைக்குள் தமிழ் வாசகர் அவசியம் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஹியூஸ்டனிலும் டாலஸிலும் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வசிக்கும் தமிழர்கள் ஏராளம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பது. ஆகவே, பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்று மாநிலச் சட்டம் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நண்பரின் ரிவால்வரைக் கையில் வாங்கும் விசாக்காரர் கூட்டாட்சிக் குற்றம் ஒன்றில் சிக்கக்கூடும். நாடு கடத்தப்படும் அளவுக்கு அது போகலாம். உரிமத்தை வாங்குங்கள். அதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு டெக்சஸ் வேட்டைக் கல்வி வகுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைப் பாரமாக நினைக்க வேண்டாம், புதியவருக்கு அதுவே நல்ல தொடக்கம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எதுவும் இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டு விவசாயி தன் வயலில் மேயும் பன்றியைத் தானே சுட முடியாது.

இனி தூரத்துக்கு வருவோம். 25 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வருகிறது? துப்பாக்கிக் குழலின் நுனியில் முன்குறி இருக்கிறது, கைப்பிடிக்கு மேலே பின்குறி இருக்கிறது. ஏழரை அங்குலக் குழல் கொண்ட வேட்டை ரிவால்வரில் இவை இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். சுடும்போது முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 மீட்டர் தூரத்தில் குண்டு 5 சென்டிமீட்டர் விலகி விழும். 50 மீட்டரில் அதே பிழை 10 சென்டிமீட்டராகும், 100 மீட்டரில் 20 சென்டிமீட்டராகும். நடுத்தர அளவுள்ள பன்றியின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியைச் சுமார் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழரை சென்டிமீட்டர்தான். ஆக அரை மில்லிமீட்டர் பிழை 25 மீட்டரில் மன்னிக்கப்படுகிறது, 50 மீட்டரில் மன்னிக்கப்படுவதில்லை. குறிகளுக்கிடையே 70 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஒரு ரைஃபிளில் அதே பிழை 50 மீட்டரில்கூட நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. அதோடு ரைஃபிளின் கட்டை தோளிலும் கன்னத்திலும் ஊன்றி நிற்கிறது. கைத்துப்பாக்கியோ நீட்டிய கைகளின் முனையில் மிதக்கிறது. மூச்சும் நாடித்துடிப்பும் விசையை இழுக்கும் விரலின் ஒவ்வொரு அசைவும் நேராக முன்குறிக்குப் போய்ச் சேருகின்றன. அரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவு. அந்திவெளிச்சத்தில், நெஞ்சு படபடக்க, முழங்காலிட்டுச் சுடும்போது அதைக் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

கணக்கு பொது எல்லையைக் காட்டுகிறது. உங்கள் எல்லையை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான சோதனை எளிமையானது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள காகிதத் தட்டு ஒன்றைப் பத்து மீட்டரில் மாட்டுங்கள். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடக் கூடாது. காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, உட்கார்ந்தோ, முழங்காலிட்டோ, மரத்தில் சாய்ந்தோ, ஊன்றுகோலில் மணிக்கட்டைத் தாங்கியோ சுடுங்கள். கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சிரைக்கச் சுட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆறு தோட்டாவும் தட்டுக்குள் விழுந்தால் ஐந்து மீட்டர் பின்னால் போங்கள். ஒரு குண்டு வெளியே போன தூரத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு முந்தைய தூரமே உங்கள் எல்லை. ஆறில் ஐந்து போதும் என்று பேரம் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். வெளியே போன அந்த ஒரு குண்டு காட்டில் பன்றியின் வயிற்றில் பாயும் குண்டு. சோதனையை ஒரே நாளோடு முடித்துவிடவும் கூடாது. வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். வேட்டையில் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒரு குண்டுதான்.

தூரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டாவது காரணம் கைத்துப்பாக்கிக் குண்டு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. .308 ரைஃபிளின் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றலோடு கிளம்புகிறது. வேகம் விநாடிக்கு 850 மீட்டர் அளவில் இருக்கும். கைத்துப்பாக்கி வேட்டைக்கு அளவுகோலாகக் கருதப்படும் .44 மேக்னம் தோட்டா, 240 கிரெய்ன் எடையுள்ள குண்டை விநாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் 1,300 ஜூல் அளவில் இருக்கும். .357 மேக்னத்தில் அது 700 ஜூலைச் சுற்றியே நிற்கும். ரைஃபிள் குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள திசுவையும் கிழித்து நாசமாக்குகிறது. கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் தன் அகலத்துக்கு ஒரு துளையை மட்டுமே போடுகிறது. அந்தத் துளை இதயத்தையோ இரு நுரையீரல்களையுமோ கடந்து சென்றால் பன்றி சில விநாடிகளில் விழும். ஒரு விரற்கடை தள்ளிப் போனால் அதை ஈடுகட்ட மிச்ச ஆற்றல் எதுவும் இல்லை. ஆகவே கைத்துப்பாக்கியில் ஆற்றல் செய்யாத வேலையை இடம் செய்தாக வேண்டும். இடத்தைத் தருவது அருகாமை.

அந்த இடம் எது என்பதில் மான் வேட்டைக்காரர்கள் தொடர்ந்து தவறு செய்கிறார்கள். மானில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் சுட்டால் நுரையீரலில் படும். பன்றியின் உள்ளுறுப்புகள் அதைவிட முன்னாலும் தாழ்வாகவும் அமைந்திருக்கின்றன. இதயம் முன்னங்கால்களுக்கு நேர் மேலே, நெஞ்சின் அடிப்பகுதியில் இருக்கிறது. நுரையீரல் பின்னால் அதிகம் நீள்வதில்லை. மானுக்குச் சுடுவது போலப் பன்றிக்குச் சுட்டால் குண்டு ஈரலிலோ இரைப்பையிலோ போய்ச் சேரும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே வாருங்கள். உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிரை உடலின் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு ஏமாறாதீர்கள், அது குறியை மேலே இழுத்துவிடும். இதைவிட நல்லது, பன்றி சற்றே அப்பால் திரும்பி நிற்கும் கோணம். அப்போது எதிர்ப்பக்கத்து முன்னங்காலை மனத்தில் வைத்துக் குறி பார்த்தால், குண்டு விலாவின் பின்பகுதியில் நுழைந்து நெஞ்சை முழுவதும் கடக்கும். வளர்ந்த ஆண்பன்றியின் தோளை மூடியிருக்கும் தடித்த தோல்கவசமும் அந்தக் கோணத்தில் வழியில் வராது. நேருக்கு நேர் நிற்கும் பன்றியை விட்டுவிடுங்கள். காதுக்குக் கீழே தலையில் சுடுவது உடனே சாய்க்கும் என்பது உண்மை. ஆனால் மூளை சிறியது, தலையோ ஓயாமல் அசைவது. பத்து மீட்டருக்குள், ஊன்றிச் சுட வசதி உள்ளவர் மட்டும் அதை நினைக்கலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுப்பு, அப்படியானால் இன்னும் பெரிய தோட்டாவை எடுத்தால் என்ன என்பது. 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .500 மேக்னம் இருக்கிறது, .454 கசுல் இருக்கிறது. இவை .44 மேக்னத்தைவிட மிக அதிக ஆற்றலைத் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றல் சுடுபவரின் கைக்கும் திரும்பி வருகிறது. பலமான உதைப்புக்குப் பழகாத கை, விசை விழுவதற்கு முன்பே தன்னையறியாமல் இறுகிக் குழலைக் கீழே தள்ளுகிறது. ரிவால்வரின் உருளையில் நிஜத் தோட்டாக்களோடு ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களையும் கலந்து, எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சுட்டுப் பாருங்கள். போலித் தோட்டா வரும்போது குழல் கீழே குனிந்தால் உங்கள் நோய் தெரிந்துவிடும். கையில் அடங்காத துப்பாக்கி எல்லையை நீட்டுவதில்லை, குறுக்குகிறது. நெஞ்சில் சரியாகப் பட்ட .357, வயிற்றில் பட்ட .500-ஐவிட விரைவாகக் கொல்லும். என் பரிந்துரை நேரானது: கையில் அடங்குமானால் .44 மேக்னம், இல்லாவிட்டால் .41 மேக்னமோ 10 மி.மீ. ஆட்டோவோ. .357-ஐக் கடைசி வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கனமான குண்டோடு, பதினைந்து இருபது மீட்டருக்குள், நடுத்தரப் பன்றிக்கு மட்டும். பெரும்பாலான பன்றிகள் நூறு கிலோவுக்குள்தான் இருக்கும். படங்களில் காட்டப்படும் இருநூறு கிலோப் பன்றிக்காகத் துப்பாக்கி வாங்கத் தேவையில்லை. தற்காப்புக்காகச் செய்யப்பட்ட, சட்டென்று விரிந்து நின்றுவிடும் குழிமுனைக் குண்டுகளைத் தவிர்த்து, தட்டை முனையுள்ள கெட்டி ஈயக் குண்டையோ வேட்டைக்கென்றே செய்யப்பட்ட கெட்டியான குண்டையோ எடுங்கள். பன்றியின் தோலடிக் கொழுப்பு நுழைவுத் துளையை அடைத்துக்கொள்ளும். அடர்ந்த மயிர் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுபக்கம் குண்டு வெளியேறினால்தான் தடம் பிடிக்க இரத்தம் கிடைக்கும்.

ஸ்கோப்போ, செம்புள்ளியைக் காட்டும் ரெட் டாட் குறியோ பொருத்தினால் எல்லை மாறாதா என்பது இன்னும் வலுவான மறுப்பு. மாறும். இரண்டு குறிகளை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தும் வேலையை ரெட் டாட் நீக்கிவிடுகிறது. வயதால் முன்குறி மங்கித் தெரியும் கண்களுக்கு அது பெரிய வரம், மங்கிய வெளிச்சத்திலும் உதவும். ஆனால் கையின் நடுக்கமும் விசையை இழுக்கும் பிழையும் அப்படியே இருக்கின்றன. நல்ல ஊன்றலோடு சுடுபவருக்கு எல்லை நாற்பது ஐம்பது மீட்டர் வரை நீளலாம். நீண்டதா இல்லையா என்பதை அதே காகிதத் தட்டுதான் சொல்ல வேண்டும். 1967 முதல் விற்பனைக்கு வந்த தாம்ப்சன் சென்டர் கன்டெண்டர் போன்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளில் ரைஃபிள் தோட்டாவும் ஸ்கோப்பும் பொருத்தி நூறு மீட்டருக்கு அப்பாலும் சுத்தமாக வேட்டையாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் துப்பாக்கி கட்டை இல்லாத ஒரு சிறு ரைஃபிள். அதற்குத் தேவையான ஊன்றலும் பொறுமையும் வேறு. இடுப்பு உறையில் ரிவால்வரோடு நடப்பவர் அவர்களுடைய தூரத்தைத் தன் தூரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

25 மீட்டருக்குள் பன்றியை எப்படி நெருங்குவது என்பதுதான் இந்த வேட்டையின் உண்மையான கலை. புதியவர்கள் நினைப்பதைவிட அது சாத்தியமானது. பன்றிக்குக் கண் மந்தம், காது கூர்மை, மூக்கு அபாரம். அசையாமல் நிற்கும் மனிதரை முப்பது மீட்டரில்கூட அது கண்டுகொள்ளாமல் மேயக்கூடும். அதே மனிதரின் வாசனை காற்றில் வந்தால் அதைவிடப் பல மடங்கு தூரத்திலேயே கூட்டம் கலைந்துவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றுவாக்கு. மெல்லிய பொடியைச் சிறு புட்டியில் வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கொரு முறை தூவிப் பாருங்கள். ஓடைக்கரைகளில் காலையிலும் மாலையிலும் காற்று திசை மாறும். திசை மாறிவிட்டால் முரண்டு பிடிக்காமல் திரும்பிவிடுங்கள். பன்றிகள் மேயும்போது உறுமலும் சண்டையுமாகத் தாங்களே சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குள் நடந்து, சத்தம் நிற்கும்போது நீங்களும் நிற்க வேண்டும். உடலைக் குளிர்விக்கும் வியர்வை பன்றிக்குச் சுரக்காததால் டெக்சஸ் கோடையில் அது நீரையும் சேற்றையும் விட்டு விலக முடியாது. பிரசோஸ், டிரினிட்டி போன்ற ஆறுகளின் கரைக் காடுகளில் புரண்ட சேற்றுக்குழிகளையும், சேறு அப்பிய மரத்தண்டுகளையும், புதிதாகக் கிளறிய ஈரமண்ணையும் தேடுங்கள். மண் காய்ந்திருந்தால் அது பழைய தடம். கருவாலி மரங்கள் கொட்டை உதிர்க்கும் இலையுதிர் காலத்தில் அந்த மரங்களின் அடியே நல்ல இடம்.

காத்திருந்து சுடுவதே தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பது என் முடிவு. மக்காச்சோளம் தூவும் தீவனப் பெட்டியிலிருந்தோ தண்ணீர்த் துறையிலிருந்தோ சரியாக உங்கள் எல்லைக்குள், காற்று எதிரே வீசும் பக்கத்தில் பரணோ மறைவிடமோ அமையுங்கள். ரைஃபிள்காரருக்காக எண்பது மீட்டரில் போட்டிருக்கும் பரண் உங்களுக்குப் பயன்படாது. பண்ணைக்காரரிடம் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பரணுக்கு இன்னொரு நன்மை உண்டு. மேலிருந்து சுடும் குண்டு பன்றியைத் துளைத்த பிறகு மண்ணில் புதையும். சமதளத்தில் சுட்டால் வெளியேறிய குண்டு வெகுதூரம் போகும், பாறையில் பட்டால் திசை திரும்பும். பன்றிக்குப் பின்னால் மண்மேடோ தரையோ இல்லாவிட்டால் எவ்வளவு அருகில் நின்றாலும் சுடக் கூடாது. டெக்சஸில் இரவில் சுடவும் அனுமதி உண்டு. வெறும் திறந்த குறிகளோடு இரவில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெற்கு, மேற்கு டெக்சஸில் பன்றியைப் போலவே தோற்றம் கொண்ட ஹவலினா என்ற விலங்கு உண்டு. அது பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, வெளிர்நிறக் கழுத்துப் பட்டையும் கண்ணுக்கே தெரியாத குட்டை வாலும் கொண்ட மண்ணின் விலங்கு. அதைச் சுட உரிமம் வேண்டும், எண்ணிக்கை வரம்பும் உண்டு. இருட்டில் வித்தியாசம் தெரியாதவர் சுடாமலிருக்க வேண்டும்.

இவ்வளவு நெருங்குவது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. காரணமில்லாமல் மனிதரைத் தாக்கும் பன்றி மிக அரிது. ஆயினும் 2019-இல் டெக்சஸிலேயே பன்றிகள் தாக்கி ஒருவர் இறந்திருக்கிறார். வேட்டையில் ஆபத்து பெரும்பாலும் சுடுவதற்கு முன் வருவதில்லை, காயப்படுத்திய பிறகே வருகிறது. அந்தக் காயமும் பெரும்பாலும் எல்லை மீறிச் சுட்டதால் நேர்வது. ஆக அருகாமையைக் காரணம் காட்டி எழுப்பும் மறுப்பு உண்மையில் தூரத்துக்கு எதிராகவே முடிகிறது. சுட்டவுடன் பன்றி நின்ற இடத்தையும் மறைந்த இடத்தையும் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு துப்பாக்கியைக் கையில் வைத்தபடி பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. இருட்டிய பிறகு அடர்ந்த புதருக்குள் தனியாக நுழையாதீர்கள். துப்பாக்கியாலேயே வரும் ஆபத்துகளையும் மறக்கக் கூடாது. ரிவால்வரின் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கொதிக்கும் வாயு பீறிடும், ஊன்றிச் சுடும்போது விரலை அதன் அருகே வைத்தால் சிதைந்துவிடும். மேக்னம் தோட்டாவின் ஓசை ஒரே வெடியில் செவியை நிரந்தரமாகப் பழுதாக்கக் கூடியது. மெல்லிய ஒலிகளைக் கேட்கவிட்டு வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுச் செவிக்கவசம் வேட்டைக்கு ஏற்றது.

ரைஃபிள் இருக்கும்போது கைத்துப்பாக்கி எதற்கு, விலங்கின் வேதனையைக் கூட்டுவதற்கா என்று கேட்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எல்லையை மதிக்காத கையில் அது வேதனையைக் கூட்டவே செய்யும். அப்படிப்பட்டவர் ரைஃபிளை எடுப்பதே நல்லது. எல்லையை மதிப்பவரிடம் நிலை வேறு. இருபது மீட்டரில், ஊன்றிய கையோடு, விலங்கு நிற்கும் கோணத்தைப் பார்த்துப் பார்த்துச் சுடும் ஒரு குண்டு, இருநூறு மீட்டரில் ஓடும் கூட்டத்தின் மேல் ரைஃபிளால் பொழியும் பத்துக் குண்டுகளைவிடக் கருணையானது. அடர்புதரில் நுழைந்து வரவும், இரு கைகளும் விடுபட்ட நிலையில் தடம் பிடிக்கவும், நாய்கள் சுற்றி நிறுத்திய பன்றியை அருகிலிருந்து முடிக்கவும் கைத்துப்பாக்கி வசதியானது என்பதும் உண்மை.

இன்னொரு மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். பன்றித் தொல்லையை இந்த வேட்டை தீர்க்காது. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பன்றிகளை அகற்றினால்தான் தொகை கூடாமல் நிற்கும் என்பது டெக்சஸ் ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரு வயது நிரம்பும் முன்பே சினைப்பருவத்தை எட்டி, ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும் விலங்கை ஒவ்வொன்றாகச் சுட்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது. டென்னஸி மாநிலம் 1999-இல் வரம்பில்லாத வேட்டையைத் திறந்துவிட்டது. அதன் பிறகு பன்றிகள் குறையவில்லை, மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகளுக்குப் பரவின. வேட்டைக்கு ஆசைப்பட்டவர்களே அவற்றை வண்டியில் ஏற்றிப் புதிய இடங்களில் விட்டதும் அதற்கு ஒரு காரணம். 2011-இல் அந்த மாநிலம் கொள்கையைத் திருப்பிக்கொண்டது. மிசௌரி தன் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்து, கூட்டத்தை மொத்தமாகப் பிடிக்கும் பெருங்கூண்டுகளை நம்புகிறது. ஒரு வெடிச்சத்தம் கூட்டத்தைச் சிதறடித்துக் கூண்டைப் பல வாரங்களுக்கு வீணாக்கிவிடும். ஆகவே பயிரைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் இந்த வேட்டைக்குப் போகாதீர்கள். இறைச்சிக்காகவும், நெருங்கிச் செல்லும் திறமைக்காகவும் போகிறேன் என்று பண்ணைக்காரரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் கூண்டுக்கு இரை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தால் வேறு பண்ணை தேடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உயிருள்ள பன்றியை வேறிடத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

இறைச்சி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பன்றிகள் புருசெல்லோசிஸ் என்ற நோயைச் சுமப்பவை. இரத்தமும் குடல்நீரும் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அதை மனிதருக்குக் கடத்தும். வெட்டும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். குடலை நாய்க்குப் போடாதீர்கள். டெக்சஸ் வெயிலில் இறைச்சி விரைவாகக் கெடும் என்பதால் பனிக்கட்டிப் பெட்டியை முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். சமைக்கும்போது உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். நம் வீட்டுக் குழம்பில் நன்றாகக் கொதித்து வேகும் துண்டு அதைத் தானாகவே தாண்டிவிடும். தீயில் வாட்டுபவர்கள் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் மறுபடியும் சுடுகளத்துக்குப் போய் அந்த 15 சென்டிமீட்டர் தட்டை மாட்டுங்கள். அன்று கிடைக்கும் தூரத்தை ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கி உறைக்குள் வையுங்கள். காட்டில் அதற்கு ஒரு மீட்டர் அப்பால் எவ்வளவு பெரிய பன்றி வந்து நின்றாலும், சுடாமல் விட்டுவிடுங்கள்.